ஏரிக்கரைச் சரித்திரம் – 17: பவளவிழாவும் பொரிகடலையும்

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குச் செல்லும் சாலையில், திருப்பாலைவனத்தில் நின்று கவனிப்பவர்களுக்கு ஓர் உண்மை விளங்கும். ஏரியின் பக்கமாக மீன் கூடைகளுக்கும் வலைகளுக்கும் வழிவிடும் அதே சாலை, எதிர்த் திசையில், விடியற்காலையிலேயே சோற்றுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் அமர்ந்திருக்கும் மனிதர்களைப் பொன்னேரி ரயில் நிலையத்துக்கும், அங்கிருந்து மீஞ்சூர், அத்திப்பட்டு வழியாக எண்ணூருக்கும் திருவொற்றியூருக்கும் கொண்டு சேர்த்துக் கொண்டிருக்கிறது. இவ்விரு ஜீவனங்களில் முந்தையதைப் பற்றிச் சென்ற இதழ்களில் விஸ்தாரமாகவே எழுதியாயிற்று. ஏரிக் குப்பங்களிலும் சுற்றுக் கிராமங்களிலும் 'கம்பெனி வேலை' என்று ஒரே சொல்லால் குறிக்கப்படும் பிந்தைய ஜீவனத்தைப் பற்றி, அதிலும் அந்தக் கம்பெனிகள் தங்கள் வயதைக் கொண்டாடிய விதத்தைப் பற்றி, இந்த அத்தியாயத்தில் பேசலாம் என்று எண்ணுகிறேன்.

இதைச் சரித்திரத்தில் சேர்க்க வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். சேர்க்கத்தான் வேண்டும். ஓர் ஊரின் கோயிலில் கொடியேற்றம் எந்நாள், தேர் எந்நாள், முதல் மரியாதை எவருக்கு என்பதை அறிந்தால் அவ்வூரின் அமைப்பு முழுவதும் விளங்கிவிடுகிறதல்லவா? ஒரு தொழிற்சாலையும் அவ்வாறே. அது தன் பிறந்த நாளாக எந்நாளைத் தேர்ந்துகொள்கிறது, அன்று மேடையில் ஏறுபவர் யார், பந்தலுக்குக் கீழே அமர்பவர் யார், பந்தலுக்கு வெளியே நிற்பவர் யார் என்பவற்றைத் தெரிந்துகொண்டால், அதன் கணக்குப் புத்தகம் சொல்லாத பல விஷயங்கள் தெரியவரும்.

வெள்ளிவிழா, பொன்விழா, வைரவிழா என்று ஆண்டுகளுக்கு உலோகமும் ரத்தினமும் கட்டி அழைக்கும் வழக்கம் நம் தேசத்துத் தொழிற்சாலைகளுக்கு அரண்மனையிலிருந்து வந்தது. விக்டோரியா மகாராணியின் ஆட்சிக்கு 1887-இல் பொன்விழாவும் 1897-இல் வைரவிழாவும் எடுத்தார்கள். சென்னை சென்ட்ரல் நிலையத்தின் அருகே செந்நிறக் கட்டடமாக இன்றும் நிற்கும் விக்டோரியா பொது மண்டபம் அந்தப் பொன்விழாவின் ஞாபகார்த்தமாகப் பெயர் பெற்றது. 1935-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழா வந்தது. ஓர் அரசர் இத்தனை ஆண்டுகள் சிங்காதனத்தில் வீற்றிருந்தார் என்பதற்காகக் கொண்டாடப்பட்ட அந்தச் சடங்கு, இத்தனை ஆண்டுகள் ஓர் இயந்திரம் ஓடிற்று, இத்தனை கைகள் அதை ஓட்டின என்பதற்கான சடங்காக மாறியபோது, அதன் பொருளும் மாறியிருக்க வேண்டும். மாறியதா என்பதுதான் நம் விசாரணை.

முதலில் பெரம்பூருக்குப் போவோம். இத்தொடரில் முன்பு விவரித்த பக்கிங்ஹாம் கால்வாயை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்த ஜனங்களைக் கொண்டு விரிவாக்கப்பட்டு, அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயரைப் பெற்ற அந்தக் கால்வாய் நம் ஏரியைத் தொட்டுச் செல்கிறது. அதே கோமகனின் பெயரைத்தான் பின்னி கம்பெனியாரின் நூற்பாலையும் 1876-இல் தாங்கிற்று. 1881-இல் கர்நாடிக் ஆலை அதற்குத் துணையாக எழுந்து, 1920-இல் இரண்டும் ஒன்றாக இணைந்தன. பட்டாளத்துக்கும் போலீசுக்கும் காக்கித் துணி நெய்து கொடுத்த புகழ்பெற்ற ஆலை அது.

ஆனால் அவ்வாலைத் தொழிலாளர் தங்கள் திருநாளாகக் கொண்டது ஆலை பிறந்த நாளை அல்ல. அவர்களுக்கு வேறொரு நாள் இருந்தது: 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27. பெரம்பூரில் ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்றொரு பக்தி சபையை நடத்திவந்த செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும், மாலை வேளைகளில் அங்கே உபந்நியாசம் கேட்க வந்த ஆலைத் தொழிலாளரின் துயரங்களைக் கேட்டுக் கேட்டு மனம் பொறாமல், அன்னி பெசன்ட் அம்மையாரின் பத்திரிகையில் பணியாற்றிய பி. பி. வாடியாவிடம் சென்று முறையிட்டதன் பயனாக, அன்றைய தினம் சென்னைத் தொழிலாளர் சங்கம் உதயமாயிற்று. திரு. வி. க. அதில் முன்னின்று உழைத்தார். நண்பகலில் உணவுக்கென விடப்பட்ட அரை மணி நேரம் கை கழுவிச் சோறுண்டு திரும்பப் போதவில்லை என்பது அவர்களுடைய ஆதி முறையீடுகளில் ஒன்று. எவ்வளவு எளிய வேண்டுகோள்! சங்கத் தலைவர்கள்மீது கம்பெனியார் ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்துத் தடையுத்தரவு பெற்றார்கள். 1921-இல் நெடிய வேலைநிறுத்தமும் துப்பாக்கிப் பிரயோகமும் உயிர்ச்சேதமும் நேர்ந்தன. அந்த வழக்கு எழுப்பிய அச்சமே பின்னர் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு ஒரு காரணமாயிற்று.

இவ்வளவுக்குப் பின்பு ஒரு தொழிலாளிக்கு எந்நாள் திருநாளாகத் தோன்றும்? கோமகன் பெயரில் ஆலை திறந்த நாளா, சங்கம் உதயமான நாளா? ஆலை 1996-இல் மூடப்பட்டுவிட்டது. சங்கத்துக்கு 2018-இல் நூறு வயது நிறைந்தது.

அடுத்து வடக்கே வெகுதூரம் போக வேண்டும். தொழிற்சாலைப் பொன்விழா என்றால் இந்தியாவில் முதலில் நினைவுக்கு வருவது ஜாம்ஷெட்பூர்தான். 1907-இல் பதிவாகி, 1912-இல் முதல் எஃகை வார்த்த டாட்டா இரும்பு எஃகுக் கம்பெனி தன் ஐம்பதாம் ஆண்டை நிறைவு செய்தபோது, மலர் வெளியிட்டதோடும் இனிப்பு வழங்கியதோடும் நில்லாமல், மைசூர்ப் பிருந்தாவனத் தோட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு ஒரு பெரிய பூங்காவை அமைத்து ஊராருக்கு அளித்தது. 1958-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி பண்டித நேரு அதைத் திறந்து வைத்தார். சர்க்கார் தபால் தலையும் வெளியிட்டது. ஸ்தாபகர் ஜாம்ஷெட்ஜியின் பிறந்த நாளான மார்ச் 3 அவ்வூரில் ஆண்டுதோறும் உற்சவமாகவே நடந்துவருகிறது. சட்டம் கட்டாயப்படுத்துவதற்கு வெகுகாலம் முன்பே, 1912-இல் எட்டு மணி நேர வேலையையும், 1920-இல் வருங்கால வைப்பு நிதியையும், 1934-இல் லாபத்தில் பங்கான போனஸையும் அங்கே நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள் என்பதை மனமாரப் பாராட்டித்தான் ஆக வேண்டும். மாலையில் குழந்தைகளோடு அப்பூங்காவில் உலாவும் தொழிலாளிக்கு அந்தப் பொன்விழா இன்னும் முடியவில்லை.

எனினும் சரித்திரம் எழுதுபவன் பூங்காவோடு நின்றுவிடலாகாது. நேரு பூங்காவைத் திறந்து மூன்று மாதங்கூட ஆகவில்லை. அவ்வாண்டு மே மாதத்திலேயே, தொழிலாளரின் பிரதிநிதியாக எந்தச் சங்கத்தை அங்கீகரிப்பது என்பதையும் ஊதியக் கோரிக்கைகளையும் ஒட்டி அந்நகரில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. கலவரமும் துப்பாக்கிப் பிரயோகமும் நிகழ்ந்தன. அளித்தவர்களின் உள்ளம் நல்ல உள்ளமே. அளித்த பொருளும் அரிய பொருளே. ஆயினும் விழா எடுப்பவரும் விழாவைப் பெற்றுக்கொள்பவரும் வெவ்வேறாக இருக்கும் வரையில், எவ்வளவு பெரிய பூங்காவும் அந்த இடைவெளியைத் தூர்த்துவிடாது என்றே நான் அதிலிருந்து உணர்கிறேன்.

இனி நம் எண்ணூர். 1948-ஆம் வருஷத்தைத் தொழிலாளர் சரித்திரத்தில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும். அவ்வருஷம் ஏப்ரலில் தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் சட்டம் நிறைவேறிற்று. செப்டம்பர் 7-ஆம் தேதி, தேசபக்தரான ரகுநந்தன் சரண், தம் புதல்வன் அசோக்கின் பெயரால் அசோக் மோட்டார்ஸ் என்னும் கம்பெனியை ஸ்தாபித்தார். அது பிறந்த பதினாறாம் நாள், அதாவது செப்டம்பர் 23-ஆம் தேதி, இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம் ஒப்புதல் பெற்று, மறு வருஷம் ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தது. வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது, ஐந்து மணி நேர வேலைக்கு அரை மணி ஓய்வாவது விட வேண்டும், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கான்டீன் வேண்டும், பெண்கள் பலர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகளுக்குத் தொட்டில் அறை வேண்டும் என்றெல்லாம் விதித்த சட்டம் அது. பெரம்பூர்த் தொழிலாளி முப்பது வருஷங்களுக்கு முன்பு போதவில்லை என்று முறையிட்ட அந்த அரை மணிக்குக் குறையாத ஓய்வு, தேச முழுவதற்குமான சட்டத்தின் எழுத்தில் இடம் பெற்றது. ஆகையால், எண்ணூர்த் தொழிற்சாலை தன் ஆண்டுவிழாவைக் கொண்டாடும்போதெல்லாம், அறிந்தோ அறியாமலோ, அந்தச் சட்டம் பிறந்த ஆண்டையும் சேர்த்தே கொண்டாடுகிறது.

முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த ஆஸ்டின் கார்களின் உறுப்புகளைப் பூட்டுவதற்காகவே எண்ணூரில் அந்தப் பட்டறை எழுந்தது. ஆனால் புதிதாக விடுதலை பெற்ற தேசத்துக்குக் காரினும் லாரியும் பஸ்ஸுமே அவசியம் என்று சரண் கண்டார். அதற்காக லேலண்ட் கம்பெனியாருடன் பேசிக்கொண்டிருந்தவர், அந்த எண்ணம் கைகூடுமுன்பே விமான விபத்தில் மாண்டு போனார். ஐம்பதுகளின் நடுவில் லேலண்ட் பங்கு சேர்ந்து, கம்பெனியின் பெயர் அசோக் லேலண்ட் என்று மாறிற்று. பொன்னேரிக்கும் பழவேற்காட்டுக்கும் இடையே நம்மை ஏற்றிச் சென்ற பஸ்கள் பலவற்றின் நெற்றியில் இருந்த பெயர் அதுதான். பெயர் மாறிய பிறகும் தன் வயதைக் கம்பெனி 1948-இலிருந்தே எண்ணிவருகிறது. அக்கணக்கின்படி 1973-இல் வெள்ளியும், 1998-இல் பொன்னும், 2023-இல் எழுபத்தைந்தும் வந்தன.

ஒவ்வொரு ஸ்தாபனமும் தன் ஜன்ம தினத்தைத் தானே தேர்ந்துகொள்கிறது என்பது கவனத்துக்குரியது. திருவொற்றியூரில் மம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய 1946-ஆம் வருஷத்தையே எம்.ஆர்.எஃப். டயர்க் கம்பெனி தன் தொடக்கமாகச் சொல்லிக்கொள்கிறது; டயர் வந்ததோ அறுபதுகளில். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்து வைத்தது 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 2, காந்தி ஜயந்தியன்று. கொட்டகையை மறவாத ஸ்தாபனத்தின்மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. அந்தக் கொட்டகையில் வேலை செய்த கைகளையும் அது மறவாதிருக்கும் என்று நம்பலாம் அல்லவா?

இத்தகைய ஆண்டுவிழாக்களின் பொதுவான ரூபத்தை நம் வாசகர்கள் பலர் நேரிலேயே கண்டிருப்பார்கள். காலையில் கொடியேற்றம், ஸ்தாபகர் படத்துக்கு மாலை, தலைவர் உரை, இருபத்தைந்து வருஷம் பணி புரிந்தவர்களுக்குக் கைக்கடிகாரமோ வெள்ளிக் குத்துவிளக்கோ, விளையாட்டுப் பந்தயத்தில் வென்ற குழந்தைகளுக்கு எவர்சில்வர் பாத்திரம், ஒவ்வொருவருக்கும் ஓர் இனிப்புப் பெட்டி. இதில் குறை கூற ஒன்றும் இல்லை. கடிகாரம் வாங்கியவர் அதை ஆயுள் முழுவதும் கட்டிக்கொண்டு திரிவதையும், பழுது பார்க்கக் கொடுத்தால் அன்றைக்கே திரும்ப வேண்டும் என்று கடைக்காரனிடம் மன்றாடுவதையும் நான் கண்டிருக்கிறேன்.

ஆயினும், தொழிற்சாலையின் மெய்யான ஆண்டுவிழா அதுவன்று என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். மெய்யான ஆண்டுவிழா ஆயுத பூஜையே.

திருப்பாலைவனத்தில் எங்கள் வீட்டுச் சிற்றப்பா எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் லேத்து வேலை பார்த்தவர். எனக்கு எட்டோ ஒன்பதோ வயதிருக்கும்போது, ஓர் ஆயுத பூஜையன்று என்னை உள்ளே அழைத்துப் போனார். வருஷம் முழுவதும் வாயிற்காவலர் வழிமறிக்கும் அந்தக் கேட்டு அன்றொரு நாள்தான் குடும்பத்தார்க்குத் திறந்துவிடப்படும். எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவிய தரையில் மாக்கோலம், தூண்களில் வாழைக்கன்று, ஒவ்வோர் இயந்திரத்தின் நெற்றியிலும் சந்தனமும் குங்குமமும். சிற்றப்பா தம் லேத்தின் அருகே என்னை நிறுத்தி, சக்கரத்தின் கைப்பிடியைத் தொட்டுக் காட்டினார்.

"இந்தப் பக்கம் தேஞ்சிருக்கு பாரு, இது என் கை. அந்தப் பக்கம் தேஞ்சது ராத்திரி ஷிப்டுக்காரர் கை. அவரு இடது கைக்காரரு."

அந்த இரவு ஷிப்டுக்காரரை நான் பார்த்ததே இல்லை. சிற்றப்பாவும் ஷிப்டு மாறும் நேரத்தில் அன்றி அவரைப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் இரும்பின்மேல் இரு கைகளும் வருஷக்கணக்காக ஒன்றையொன்று அறிந்திருந்தன. எந்த விழா மலரிலும் அச்சேறாத சரித்திரம் அது.

அந்தப் பூஜைக்குக் காசு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இங்கே விசேஷமாகச் சொல்ல வேண்டும். நிர்வாகம் கொஞ்சம் கொடுத்தது மெய். ஆனால் பிரிவு பிரிவாகத் தொழிலாளர் தங்களுக்குள் சந்தா வசூலித்தார்கள். லேத்துப் பிரிவுக்கும் வார்ப்படப் பிரிவுக்கும் அலங்காரத்தில் போட்டி. பொரி மூட்டையும் பொட்டுக்கடலையும் வெல்லமும் வாங்க யார் போவது, பூசணிக்காயை யார் உடைப்பது, கற்பூரம் யார் காட்டுவது என்பதெல்லாம் அவர்களே கூடிப் பேசி முடிவு செய்தவை. வேற்று மதத்துத் தொழிலாளரும் சந்தா கொடுத்தார்கள். தம் இயந்திரத்தைத் தாமே துடைத்து மாலையிட்டார்கள். மேலதிகாரி அன்று விருந்தாளியாக வந்து, ஒரு பொட்டலம் பொரியைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றார். வருஷத்தில் மற்ற நாட்களில் கொடுக்கும் கை அவருடையது. அன்று மட்டும் வாங்கும் கை.

ஏரிக் குப்பங்களை அறிந்தவர்களுக்கு இதன் தாத்பரியம் உடனே புலப்படும். குப்பத்தில் அம்மன் திருவிழா என்றால் தலைக்கட்டு வரி உண்டு. குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்து, செல்வரும் ஏழையும் தத்தம் பங்கைச் செலுத்திய பிறகே காப்புக் கட்டுகிறார்கள். வரி கொடுத்தவன் தலைக்கட்டில் ஒருவன். தலைக்கட்டில் ஒருவனாக இருப்பவனுக்கே ஊர்க் கூட்டத்தில் வாய் உண்டு. ஏரியில் இறால் படும் இடங்களை முறை வைத்துப் பங்கிடும் 'பாடு' என்னும் ஏற்பாட்டைக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலான ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நடத்தி வருவதைப் பற்றி முன்னரே எழுதியுள்ளேன். இன்று நல்ல இடம் கிட்டியவனுக்கு நாளை வேறிடம். பட்டியலில் பெயர் உள்ள ஒருவனையும் விட்டுவிட்டு முறை நகராது. இப்படிப்பட்ட ஊர்களிலிருந்து புறப்பட்டுத் தொழிற்சாலைக்குச் சென்றவர்கள், இனிப்புப் பெட்டியை நன்றியோடு வாங்கிக்கொண்டாலும், தாங்கள் பங்கு போட்டு நடத்திய பூஜையையே தங்கள் திருநாளாக நினைவில் வைத்திருப்பதில் வியப்பென்ன?

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மனவருத்தத்துடன் குறிப்பிட வேண்டியிருக்கிறது. சிற்றப்பாவின் காலத்தில் கேட்டுக்குள் இருந்தவர்களில் பெரும்பாலோர் கம்பெனியின் நிரந்தரத் தொழிலாளர். இன்றோ, எண்ணூர் தொடங்கி அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி வரையில் தொழிற்சாலைகளும் அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் நெருங்கி நிற்க, அவற்றுள் அதே சாம்பலையும் அதே சூட்டையும் தாங்கி வேலை செய்பவர்களில் பலர் கான்டிராக்டு ஆட்கள். 1970-லேயே ஒப்பந்தத் தொழிலாளரை ஒழுங்குபடுத்தவும் ஒழிக்கவும் ஒரு சட்டம் வந்தது. ஆயினும் அவர்கள் பெருகியே வருகிறார்கள். பத்து வருஷம் ஒரே கொதிகலனின் அடியில் நின்றவர், காகிதத்தில் மூன்று கான்டிராக்டர்களிடம் மாறி மாறி வேலை பார்த்தவராக இருக்கிறார். அவருக்கு இருபத்தைந்தாம் வருஷம் என்பது வருவதே இல்லை. ஆகையால் கைக்கடிகாரமும் இல்லை. ஆண்டுவிழாப் பந்தலைக் கட்டுபவரும், விழா முடிந்தபின் அதே பந்தலைப் பிரிப்பவரும் அவரே. பட்டியலில் மட்டும் அவர் இல்லை. தலைக்கட்டு வரியும் வாங்கிக்கொண்டு பெயரையும் விட்டுவிடும் குப்பம் இந்த ஏரிக்கரையில் ஒன்றுகூட இல்லை.

விழா மலர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல ஸ்தாபனங்களின் மலர்களை நான் ஆவலோடு சேகரித்து வாசித்திருக்கிறேன். முதல் இயந்திரம் எந்தத் தேசத்திலிருந்து வந்தது, மந்திரி எவர் திறந்து வைத்தார், உற்பத்தி எத்தனை மடங்கு பெருகிற்று என்பவையெல்லாம் வழவழப்பான காகிதத்தில் இருக்கும். தொழிலாளர் படமும் இருக்கும். ஆனால் கூட்டமாக, பெயரின்றி, தலைக்கவசத்தோடு. தேசம் விடுதலை பெற்ற மறு வருஷத்தில் பிறந்த ஒரு தொழிற்சாலையின் முதல் நாள் வருகைப் பதிவேட்டை அப்படியே அச்சிட்டால், அதைவிடப் பெருமைக்குரிய பவளவிழா மலர் ஒன்று இருக்க முடியுமா? இனி நூற்றாண்டை நோக்கி நடக்கும் ஸ்தாபனங்கள், நிரந்தரம், கான்டிராக்டு என்ற பேதமின்றித் தம் கேட்டுக்குள் உழைத்த ஒவ்வொருவரின் பெயரையும் ஊரையும் இப்போதிருந்தே எழுதிவைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

நம் பங்குக்கு நாமும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பொன்னேரி, மீஞ்சூர், திருப்பாலைவனம், பழவேற்காடு வட்டாரத்து வீடுகளின் பரண்களிலும் இரும்புப் பெட்டிகளிலும், எண்ணூர், திருவொற்றியூர், பெரம்பூர்த் தொழிற்சாலைகளின் பழைய அடையாள அட்டைகளும், சங்கச் சந்தா ரசீதுகளும், ஆயுத பூஜையன்று இயந்திரத்தின் அருகே எடுத்த படங்களும் கிடக்கின்றன. படத்தில் நிற்பவர்களின் பெயர் தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலரே இருக்கிறார்கள். இந்த வாரமே அவர்களிடம் சென்று கேட்டு, படத்தின் பின்புறம் பென்சிலால் பெயரையும் பிரிவையும் வருஷத்தையும் எழுதிவைத்து, ஒரு பிரதி எடுத்து இத்தொடருக்கு அனுப்பிவையுங்கள்.